கொசுறு மருந்து

ஆயுதச் சட்டம், பதினேழாம் பிரிவு. பொது அமைதிக்கோ மக்கள் பாதுகாப்புக்கோ தேவை என்று கருதினால், உரிமம் வழங்கும் அதிகாரி ஒரு துப்பாக்கி உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் அதை எழுத்து மூலமான ஆணையாகச் செய்ய வேண்டும், காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். நம் ஆபீஸ்களில் இந்தப் பிரிவை "ரத்தும் செய்யலாம்" வரை படிப்பார்கள். "ஆனால்" என்ற சொல் வருவதற்குள் டீ வந்துவிடும்.

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள், அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். விதிகளை நான் சொல்லப் போவதில்லை. அவை அச்சிட்டுக் கிடைக்கின்றன. விதி சரியாக இருந்தும், அதைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவரவர் அளவில் நியாயமாக நடந்துகொண்டும், ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரப் பார்த்த கதையைச் சொல்கிறேன். வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் யாரையும் பதற வைத்து வேடிக்கை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அறுபதுகளின் கடைசி. ஓசூர்ப் பக்கம், மைசூர் மாநில எல்லையை ஒட்டிய தாலுகா ஒன்றில் நான் டெபுடி தாசில்தார். நீங்கள் இன்று கம்பெனி பஸ்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கிற அந்தப் பகுதியில், அப்போது பன்றிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பார்கள்.

மலையடிவாரக் கிராமம் ஒன்றில் சவரியப்பன் என்பவருக்கு ராகி நிலம் இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்ற ஒரு நாட்டுத் துப்பாக்கியும் இருந்தது. தோட்டா போடுகிற ரகம் இல்லை. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, அதன் மேல் ரவையைப் போட்டு, மறுபடியும் துணி அடைத்துக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். ரவை என்றதும் உப்புமாவை நினைக்காதீர்கள். மிளகளவு ஈயக் குண்டுகள். வெடித்ததும் அவை ஒரு கூட்டமாக வெளியே வந்து, போகப் போக விரியும். எவ்வளவு விரிகிறது, எப்படி விரிகிறது என்பதில்தான் சவரியப்பனின் தலையெழுத்து மாட்டிக்கொண்டது. (வன உயிர்களுக்கான சட்டம் அப்போது வரவில்லை. இன்று இந்தக் கதையை முன்மாதிரியாகக் கொண்டு யாராவது பன்றியைச் சுடப் போனால், நானே பிடித்துக் கொடுப்பேன்.)

ராகி கதிர் பிடித்திருந்த நேரம். பொழுது சாய்கையில் பன்றிகள் இறங்கின. சவரியப்பன் சுட்டார். பன்றி தப்பித்து ஓடிவிட்டது. பன்றிக்குப் பக்கவாட்டில், நன்றாகவே தள்ளி, வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்த நஞ்சப்பா என்கிற பக்கத்து நிலத்துக்காரரின் தொடையிலும் கெண்டைக்காலிலும் ரவைகள் ஏறிவிட்டன. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வரப்பிலிருந்த ஒரு புளியமரம் யாருக்கு என்பதில் சண்டையிட்டு, அந்த இருவரும் சில மாதங்களாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

சப் இன்ஸ்பெக்டருக்கு அது போதும். நேராக என் மேஜைக்கு வந்தார்.

"டெபுடி சார், முன்விரோதம் இருக்கு. துப்பாக்கி இருக்கு. ரவை கால்ல இருக்கு. நோக்கம் ஒண்ணுதான் பாக்கி. இந்தத் துப்பாக்கி நேரா சுடுமா, கோணலா சுடுமான்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. நேரா சுடும்னா முந்நூத்தி ஏழு போட்டுடறேன்."

முந்நூற்று ஏழு என்றால் கொலை முயற்சி.

கிராம முன்சீப் துப்பாக்கியைக் கொண்டுவந்து எங்கள் கஜானா அறையில் ஒப்படைத்திருந்தார். தாசில்தாருக்கு வேறு யோசனை. வம்பு எங்கே தொடங்கியதோ அங்கேயே அதை வெட்டிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. "கண்டபடி சிதறிச் சுடும் அபாயகரமான ஆயுதம்; உரிமத்தை ரத்து செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று வரைவே தயாராக வைத்திருந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் கேட்ட வரியையும் தாசில்தாரின் வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. நேராகச் சுடும் என்று நான் எழுதினால் சவரியப்பன் ஜெயிலுக்குப் போவார். சிதறிச் சுடும் என்று எழுதினால் ஜெயில் இல்லை. ஆனால் துப்பாக்கி போய்விடும், அறுவடை வரை பன்றிகள் விட்டுவைத்ததுதான் ராகி. அந்த நிலத்தைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் கிடையாது. இரண்டு வரைவிலும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. பணியில் உங்களுக்கு வரப்போகிற உண்மையான சோதனை தப்பான ஃபைல் அல்ல. ஒழுங்காகத் தட்டச்சு செய்த இரண்டு தப்பான ஃபைல்களை முன்னால் வைத்து, எதில் கையெழுத்து என்று கேட்பார்கள். அன்றைக்கு உங்கள் கை பேனாவைத் தேடக் கூடாது.

சவரியப்பனைக் கைது செய்யவில்லை. தினமும் ஸ்டேஷனுக்கு வந்து உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி லூர்தம்மா எங்கள் ஆபீஸுக்கு வந்தார். அழவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, கடையில் சரக்கு சரியில்லை என்று கேட்க வந்தவர் மாதிரி நின்றார்.

"சார், அவர ஸ்டேசன்ல வெச்சிக்கினு துப்பாக்கிய எனக்குக் குடுத்துடுங்க. நானே சுட்டுக்கறன். இல்லன்னா துப்பாக்கிய நீங்க வெச்சிக்கினு அவர வுடுங்க. காட்டுல நின்னு கத்தியாவது பன்னிய வெரட்டட்டும். ரெண்டையும் நீங்களே வெச்சிக்கினா நாங்க இன்னாத்த சார் பண்றது?"

"உங்க பேர்ல உரிமம் இல்லையேம்மா."

"பன்னிக்கு அது தெரியுமா சார்?"

அதையும் ஒரு மனுவாகக் குறித்துக்கொண்டேன்.

விதிப்படி செய்ய வேண்டியதை முதலில் செய்தேன். துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துச் சோதிக்க அனுமதியும், முடிந்தால் ஒரு நிபுணரும் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். நினைவூட்டலுக்கும் பதில் இல்லை. அதற்குள் லூர்தம்மாவின் நிலத்தில் ஒரு மூலையைப் பன்றிகள் உழுதுவிட்டுப் போயிருந்தன.

நஞ்சப்பாவைப் பார்க்க நானும் சப் இன்ஸ்பெக்டரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கன்னடம் பேசுகிற மனிதர். எங்களோடு பேசும்போது தமிழைக் கலந்துகொள்வார், கோபம் வந்தால் கலவையின் அளவு மாறும். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வார்டே அதிர இரைந்தார்.

"என்ன ஹந்தின்னு நெனச்சிட்டானா சாமி அவன்? மத்து ஜாஸ்தி! மத்து ஜாஸ்தி ஹாக்கிட்டான்!"

ஹந்தி என்றால் பன்றி, ஹாக்கு என்றால் போடு. மத்து என்றது தயிர் கடைகிற மத்தை அல்ல. தமிழில் மருந்து, கன்னடத்தில் மத்து, தெலுங்கில் மந்து. நோயாளிக்குக் கொடுப்பதற்கும் துப்பாக்கிக்குக் கொடுப்பதற்கும் மூன்று மொழியிலும் ஒரே சொல். அதில் தன் மருந்தை மட்டும் கேட்ட திருநெல்வேலிக்காரக் கம்பவுண்டர் பக்கத்து அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"எவம்லே மருந்து ஜாஸ்தின்னு சொன்னது? டாக்டர் எழுதினத அளந்துல்லா குடுத்தேன்!"

"உன் மத்து இல்லப்பா, அவன் மத்து!"

"அவன் எதுக்குவே ஒமக்கு மருந்து குடுக்கான்?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "கொல்லும் எண்ணத்துடன் வழக்கத்துக்கு மேல் வெடிமருந்து இட்டுச் சுட்டான்" என்று முழங்காலில் பேப்பரை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். கேட்ட மாத்திரத்தில் எழுதிவிடுகிற வேகம் அவருக்கு. ஒரே சொல்லைக் கம்பவுண்டர் ஒரு மாதிரி கேட்டார், இவர் ஒரு மாதிரி கேட்டார். எனக்கோ அந்தச் சொல் வேறெங்கோ உறுத்தியது. எங்கே என்று அப்போது புரியவில்லை.

"திங்கக்கெழம வரைக்கும் பாக்கறேன் சார்," என்றார் சப் இன்ஸ்பெக்டர், வெளியே வந்ததும். "அதுக்கு மேல என்னால ஒக்காந்திருக்க முடியாது. எனக்கும் மேல ஆளு இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு வரைவு இருந்தது, அவ்வளவுதான்.

தாசில்தாரிடம் போனேன்.

"மேல எழுதினியா?"

"எழுதினேன் சார். பதில் வரல."

"அப்ப சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா, திங்கக்கெழம சப் இன்ஸ்பெக்டர் சும்மா இருக்க மாட்டார் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோவ், சுட்டுப் பாக்கப் போறேன்னு என்கிட்ட வந்து சொல்லாத."

"சொல்லல சார்."

"அன்னிக்கி நான் ஜமாபந்திக் கணக்கு பாத்துக்கிட்டிருப்பேன்."

"சரிங்க சார்."

"ஜமாபந்தி மாசமே இல்ல இது. இருந்தாலும் பாத்துக்கிட்டிருப்பேன்."

நான் அந்த மனிதரிடம் கற்றது நிறைய. ஒரு மேலதிகாரி எதைத் தெரிந்துகொள்ள மறுக்கிறார் என்பதும் ஓர் உத்தரவுதான் என்பது அதில் ஒன்று.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நான் குதிக்கவில்லை. உங்களுக்கும் அதைச் சொல்லித்தர மாட்டேன். உட்கார்ந்து யோசித்தேன். உரிமத்தை நிறுத்தி வைத்து எழுத்து மூலமாக எந்த ஆணையும் பிறக்கவில்லை. ஆகவே உரிமம் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருக்கிற உரிமத்தை வைத்திருப்பவர், தன் ஊரில், தன் துப்பாக்கியைச் சுடலாம். அதை ஒரு டெபுடி தாசில்தார் நின்று பார்க்கக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. நான் சோதனை எதுவும் நடத்தவில்லை. வேடிக்கை பார்க்கப் போனேன்.

ஏரிக்கரைக்குக் கீழே, உயரமான ஒரு மண்மேட்டை முதுகாக வைத்து, இரண்டு கயிற்றுக் கட்டில்களை நிமிர்த்தி நிறுத்தச் சொன்னேன். ஒன்று பன்றி நின்ற இடம். இன்னொன்று, பக்கவாட்டில் தள்ளி, நஞ்சப்பா நின்ற இடம். தூரங்களை நஞ்சப்பாவே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்து அவரை வரவழைத்திருந்தேன். அடிபட்டவர் இல்லாமல் நடக்கிற எந்த விசாரணையும் அவருக்கு எதிராகத்தான் நடந்ததாக அவர் நினைப்பார், அதில் நியாயமும் இருக்கும். கட்டில்களின் மேல் ரவை விழுவது தெரிய வேண்டுமே என்று, தேர்தலில் மிச்சமான சுவரொட்டிகளை முன்சீப் கஞ்சிப் பசையால் ஒட்டி வைத்திருந்தார்.

நஞ்சப்பா வண்டியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என் கட்டில்ல ஏன் சாமி அந்தக் கட்சி நோட்டீசு?"

"கிடைச்சத ஒட்டினேன்யா," என்றார் முன்சீப்.

"அப்ப ஹந்திக்கு அத ஒட்டு, எனக்கு இத ஒட்டு."

எந்தக் கட்சி எது என்று நான் சொல்லப் போவதில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஓய்வுக்குப் பிறகும் என் வாயில் உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி ஒட்டச் சொல்லி அந்த விவகாரத்தை முடித்தேன்.

சப் இன்ஸ்பெக்டர் உட்பட எல்லோரும் பின்னால் தள்ளி நின்றோம். கஜானா அறையிலிருந்து எடுத்து வந்திருந்த துப்பாக்கியைச் சவரியப்பனிடம் கொடுத்து, அன்றைக்குப் போட்டது போலவே போடுங்கள் என்று சொன்னேன். அவர் ஒரு சின்ன மூங்கில் குழாயில் கரிமருந்தை எடுத்தார். விளிம்போடு நிறுத்தவில்லை, கோபுரமாகக் குவித்தார். அதைக் குழலில் கொட்டினார். பிறகு மருந்து வைத்திருந்த மாட்டுக் கொம்பைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் மருந்தை உள்ளங்கையில் தட்டி, அதையும் போட்டார்.

"அது என்னங்க கடைசியில?"

"கொசுறுங்க," என்றார், ஏதோ நான் அசலூர்க்காரன் போல.

அந்த எல்லைப் பகுதியில் மூன்று மொழிக்காரர்களும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்கிற சில சொற்களில் கொசுறும் ஒன்று. களத்தில் ராகி அளப்பவர் படியைத் தலைதட்டினால் அவரைக் கஞ்சன் என்பார்கள். குவித்து அளந்து, மேலே ஒரு கை கொசுறு போடுவதுதான் மரியாதை. அந்த மரியாதையைச் சவரியப்பன் துப்பாக்கிக்கும் செய்துகொண்டிருந்தார். ரவையை மட்டும் அதே குழாயில் விரலால் தலைதட்டிப் போட்டார். ஈயம் டவுனிலிருந்து வருகிற பொருள். அதற்குக் கொசுறு கிடையாது. கடைசியாக ஒரு பெரிய துணி உருண்டையைத் திணித்து, கம்பியால் இடித்தார்.

சுட்டார். வண்டி மாடுகள் மிரண்டு நுகத்தை இழுத்தன. ஏரிக்கரையெல்லாம் புகை.

புகை விலகியதும் போய்ப் பார்த்தோம். பன்றிக் கட்டிலில் ரவைகள் ஒரு பெரிய வளையமாக விழுந்திருந்தன, நடுவில் வெற்றிடம். "வட மாதிரி இருக்கு சார்," என்றார் சப் இன்ஸ்பெக்டர். பன்றி அந்த ஓட்டையில் நின்றிருந்தால் அதற்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். நஞ்சப்பாவின் கட்டிலில், கீழே, ஒரு மனிதனின் தொடையும் கெண்டைக்காலும் இருக்கிற உயரத்தில், காகிதம் கிழிந்திருந்தது.

எனக்கு மூச்சு வந்தது. ஒரு நிமிடம்தான்.

"நடிக்கறான் சார்," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "இன்னிக்கி நாம பாக்கறோம்னு மருந்த ஏத்திப் போட்டு வேணும்னே செதற வுட்டுட்டான். அன்னிக்கி இப்படித்தான் போட்டான்னு யாரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. கேள்வி சரியான கேள்வி. சவரியப்பன் துப்பாக்கியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். முன்சீப் என் முகத்தைப் பார்த்தார். சட்டப் புத்தகம் முழுவதும் மனப்பாடமாக இருந்தும் அந்த இடத்தில் உதவுகிற பிரிவு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு உறுத்தியது எது என்பது அப்போதுதான் பிடிபட்டது. வண்டியருகே போனேன்.

"நஞ்சப்பா, மருந்து ஜாஸ்தின்னு நீங்கதான் சொன்னீங்க. நீங்க வரப்புல வந்துக்கிட்டிருந்தீங்க. அவர் கெட்டிச்சத நீங்க பாக்கல. ஜாஸ்தின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தத்தை வைத்துச் சொன்னேன் என்று அவர் சொல்லியிருந்தால், அன்றைக்கு மட்டும் ஜாஸ்தி என்றாகி, சப் இன்ஸ்பெக்டரின் கட்சி ஜெயித்திருக்கும். தெரிந்த பதிலுக்காகக் கேட்கிற கேள்வி விசாரணை ஆகாது என்று அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நஞ்சப்பாவுக்கு நான் அவரைச் சந்தேகப்படுவதாகக் கோபம் வந்துவிட்டது.

"அவனப் பத்தி எனக்குத் தெரியாதா சாமி? எப்பவும் ஜாஸ்திதான்! துப்பாக்கி வாங்கின நாள்லேர்ந்து ஜாஸ்திதான்! கும்மாச்சியா குவிச்சி, அது மேல கொசுறு வேற! வேண்டாம்டா, மத்து ஜாஸ்தி ஹாக்கபேடான்னு சொல்லிச் சொல்லி என் வாயே போச்சு. போன தடவ என் வாழத்தார அடிச்சான். அதுக்கு முன்னாடி ஹந்திய சுட்டு அவங்க கோயில் மணிய அடிச்சான்! பூச நேரம்னு சனமெல்லாம் குளிச்சிட்டு ஓடியாந்துச்சு! இவனா சாமி குறி பாத்து..."

அங்கே நின்றுவிட்டார். தன் காலைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ மாதங்களுக்கு அப்புறம், சவரியப்பனைப் பார்த்துப் பேசினார்.

"ஹந்தியதான் சுட்டியாடா?"

"வேற யாரண்ணா சுடுவேன்?"

"புளியமரம்..."

"புளியமரத்துக்குப் போயி நான் மருந்து செலவு பண்ணுவேனா?"

சப் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த பேப்பரை மடித்து ஜேபியில் வைத்தார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அவருக்கும் நிம்மதிதான் என்று நினைக்கிறேன். ஒரு விவசாயியை விலங்கு போட்டு நடத்திப் போவதில் யாருக்கும் பெருமை இல்லை.

ஆனால் முன்சீப் தொண்டையைக் கனைத்தார். "அப்ப துப்பாக்கி செதறுது. தாசில்தார் ஐயா எழுதினதுதானே சரி? ரத்து பண்ணிடலாம்."

பாதி காப்பாற்றியதும் சந்தோஷத்தில் கிளம்பிவிடுகிற வியாதி நமக்கு உண்டு. நானும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தேன். லூர்தம்மா கரை மேல் நின்றுகொண்டிருந்தார். கேட்க வேண்டியதை அவர் ஆபீஸிலேயே கேட்டுவிட்டார்.

இனி அவசரப்படக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ஒவ்வொரு முறையும் புதுக் காகிதம் ஒட்டுவது, எல்லோரும் போய்ப் பார்ப்பது. எதை மாற்றியதால் எது சரியானது என்று பிறகு யாரும் வாதாடக் கூடாது. பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டத்தைப் பின்னாலிருந்து முரட்டுத்தனமாகத் தள்ளினால் அது நாலா பக்கமும் சிதறத்தானே செய்யும். அதனால் முதலில் மருந்து.

"ரவைக்கு எப்படியோ மருந்துக்கும் அப்படியே. ஒரே குழாய், ரெண்டுக்கும் தலைதட்டு. கொசுறு வேண்டாம்."

சவரியப்பன் முகம் சுருங்கியது. "தலதட்டிப் போட்டா பன்னிக்கு ஒறைக்குமாங்க?"

"தட்டுடா!" என்றார் நஞ்சப்பா. அவர் கைக்கு எட்டும்படி குழாயைக் கொண்டுவரச் சொல்லி, தன் கட்டைவிரலாலேயே வழித்துவிட்டார்.

இந்தத் தடவை சத்தம் குறைவு. மாடுகள் காதை மட்டும் அசைத்தன. பன்றிக் கட்டிலில் ஓட்டை மூடியிருந்தது. ரவைகள் நெருங்கி விழுந்திருந்தன. ஆனால் ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் காலி. நஞ்சப்பாவின் கட்டில் ஓரத்தில் இன்னும் ஒரு கிழிசல்.

"இன்னும் வருது," என்றார் முன்சீப், வருத்தமாகவே.

கட்டில்களுக்கு முன்னால் தரையில் கருகிய துணி உருண்டை கிடந்தது. ரவைக்கு மேல் திணித்த அந்த முரட்டு உருண்டைதான் வழியை மறித்துக் கூட்டத்தைக் கலைக்கிறதோ என்று தோன்றியது. கனமில்லாமல், குழலுக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஏதாவது வேண்டும். சுற்றிப் பார்த்தேன். என் கையில் சவரியப்பனின் ஃபைல் இருந்தது. அதன் அட்டையிலிருந்து ஒரு சின்ன வட்டத்தைச் சப் இன்ஸ்பெக்டரே பேனாக்கத்தியால் வெட்டிக் கொடுத்தார், துணி உருண்டைக்குப் பதிலாக அதை ரவைக்கு மேல் வைத்தோம். என் பணிக்காலத்தில் ஒரு ஃபைல் நேரடியாக ஒரு குடிமகனுக்கு உதவியதை நான் அன்று மட்டும்தான் பார்த்தேன்.

சுட்டார்.

பன்றிக் கட்டிலில் ரவைகள் அள்ளித் தெளித்த கோலம் போலச் சீராக, கட்டிலைத் தாண்டாமல் விழுந்திருந்தன. நஞ்சப்பாவின் கட்டிலில் ஒரு கிழிசலும் இல்லை. ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் என்று மறுபடியும் சுடச் சொன்னேன். அதேதான். அப்புறம் சப் இன்ஸ்பெக்டருக்கே சந்தேகம் வந்து, இன்னொரு முறை கேட்டார். அப்போதும் அதேதான்.

நஞ்சப்பா வண்டியிலிருந்து இறங்கி, முன்சீப்பின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து, தன் கட்டிலை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"நல்லதாச்சு சாமி. கால் ஆறிடும். பக்கத்துலயே என்னக் கொல்ல நெனைக்கறவன வெச்சிக்கினு எப்படிப் படுக்கறதுன்னுதான் இத்தன நாளும் எனக்கு யோசன."

அந்த விசாரணையில் யாருடைய உயிர் எதில் மாட்டியிருந்தது என்று எனக்கு முழுவதும் தெரிந்ததாக நினைத்திருந்தேன். ஜெயில், துப்பாக்கி, ராகி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்த மனிதரின் தூக்கத்தை அதில் நான் சேர்த்திருக்கவே இல்லை. மனு கொடுக்கிறவர் கேட்பது ஒன்றாகவும் அவருக்கு வேண்டியது வேறாகவும் இருக்கலாம் என்பதை நீங்கள் ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டாம். எதிரில் நிற்கிறவரின் முகத்தில் பார்த்தால் போதும்.

அறிக்கை எழுதினேன். துப்பாக்கியில் பழுதில்லை, நோக்கத்தில் பழுதில்லை, பழுது மருந்தின் அளவிலும் அடைப்பிலும் இருந்தது, அது சரிசெய்யப்பட்டது, உரிமத்தை ரத்து செய்யப் பதினேழாம் பிரிவு கேட்கிற காரணம் எதுவும் காணப்படவில்லை. சப் இன்ஸ்பெக்டர் தன் பங்குக்குத் தற்செயலான காயம் என்று முடித்தார். மிச்சமிருந்தது, மறுபடியும் கஜானா அறைக்கே வந்திருந்த துப்பாக்கி. தாசில்தார் என்னைக் கூப்பிட்டார்.

"ஜமாபந்தி முடிஞ்சுது," என்றார். "துப்பாக்கியத் திருப்பிக் குடுக்கப் போறியாமே. மேலேருந்து பதில் வந்துச்சா?"

"வரல சார்."

"பதில் வராம எப்படிக் குடுப்ப?"

"நிறுத்தி வெக்கச் சொல்லியும் பதில் வரல சார். ஆணை இல்லாம நாம வெச்சிருக்கறதுதான் சார் தப்பு. குடுக்கறதுக்கு ஆணை எதுக்கு?"

அவர் தன் மேஜை மேலிருந்த பழைய வரைவை எடுத்தார். கிழிக்கவில்லை, அவர் காகிதத்தைக் கிழிக்கிற தலைமுறை இல்லை. திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் அன்றைய வெளியூர்ப் பயணக் குறிப்பை எழுத ஆரம்பித்தார். "வாசல்ல அந்தம்மா நிக்குது," என்றார் தலை நிமிராமல். "சீக்கிரம் குடுத்தனுப்பு. பொழுதோட ஊரு போய்ச் சேரட்டும்."

லூர்தம்மா துப்பாக்கியை வாங்கவில்லை. "அவர் பேர்லதான உரிமம்? அவரே வாங்கட்டும் சார்," என்றார். சவரியப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அந்த வருடம் பன்றிகள் உழுத மூலை போக மிச்சமெல்லாம் அவர்களுக்குத்தான் வந்தது. புளியமரத்து வழக்கு மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது இருவரும் வாயால் சண்டை போட்டார்கள், ஊருக்கே அது பெரிய ஆறுதல்.

ராகியெல்லாம் அடித்து, தூற்றி, வீடு போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பழுப்பு உறை வந்தது. தங்கள் கடிதமும் நினைவூட்டலும் பெறப்பட்டன என்றும், துப்பாக்கியைச் சுட்டுச் சோதிப்பது குறித்துத் தாலுகா அளவிலேயே தக்க முடிவு எடுக்கலாம் என்றும், அதுவரை அவசரப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. வாசித்துவிட்டு, பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக, ஆபீஸ் என்றும் பாராமல் சத்தம் போட்டுச் சிரித்தேன். தாசில்தார் அறையிலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நகல் அவருக்கும் போயிருந்தது. முத்திரை வைத்து, பெற்ற நாளை மேல் ஓரத்தில் எழுதினேன்: காணும் பொங்கலுக்கு மறுநாள்.